வேதிப் படிவளர்ச்சி

வேதிப் படிவளர்ச்சி என்பது, உயிரற்ற எளிய சேர்மங்களிலிருந்து படிப்படியாகச் சிக்கலான கரிமச் சேர்மங்கள் உருவாகி, அவற்றிலிருந்து முதல் உயிர் தோன்ற வழிவகுத்த நிகழ்வுத் தொடரைக் குறிக்கும். உயிரினங்கள் தோன்றிய பின்னர் நிகழ்ந்த உயிரியற் படிவளர்ச்சிக்கு முந்தைய கட்டம் இதுவாகும். படிவளர்ச்சியைக் கூர்ப்பு என அழைக்கும் இலங்கை வழக்கின்படி இதனை வேதிக் கூர்ப்பு எனலாம்.

புவியில் முதல் உயிர் எவ்வாறு தோன்றியது என்பது நெடுங்காலம் மெய்யியலுக்கும் சமயங்களுக்கும் உரிய கேள்வியாக இருந்தது. 20 ஆம் நூற்றாண்டில் அது ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியாக மாறியது. இம்மாற்றத்தில் இலங்கையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சிறில் பொன்னம்பெரும, அலகாபாத்தைச் சேர்ந்த கிருஷ்ண பகதூர், இறுதிக் காலத்தில் இந்தியக் குடிமகனாக வாழ்ந்த ஜே. பி. எஸ். ஆல்டேன் ஆகியோருக்குப் பங்கு உண்டு. இதுவரை நடந்த ஆய்வுகள் கூறுவதைச் சுருக்கமாக இவ்வாறு சொல்லலாம்: உயிரின் செங்கற்கள் இயற்கையில் எளிதாகவே உருவாகின்றன, அச்செங்கற்கள் எவ்வாறு வீடாயின என்பது இன்னும் முழுமையாக அறியப்படவில்லை.

பின்னணி

அழுகும் இறைச்சியில் புழுக்களும் சேற்றில் சிற்றுயிர்களும் தாமாகவே தோன்றுகின்றன என்ற எண்ணம் பண்டைய கிரேக்க அறிஞர் அரிசுட்டாட்டில் காலம் முதல் நிலவியது. 1668 இல் இத்தாலியரான பிரான்செசுக்கோ ரெடி, துணியால் மூடப்பட்ட கலத்திலிருந்த இறைச்சியில் புழுக்கள் உண்டாகவில்லை என்பதைக் காட்டினார். ஈக்கள் இட்ட முட்டைகளிலிருந்தே புழுக்கள் வந்தன என்பது இதனால் தெளிவாயிற்று. 1860களின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு அறிவியலாளர் லூயி பாசுச்சர், அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்த குழாயுடைய குடுவைகளில் ஊட்ட நீரைக் கொதிக்க வைத்தார். காற்று உட்புக முடிந்தது. ஆனால் தூசியும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் வளைவில் தங்கிவிட்டன. நீர் கெடவில்லை. நுண்ணுயிர்களும் முன்பிருந்த நுண்ணுயிர்களிலிருந்தே வருகின்றன என்பது நிறுவப்பட்டது.

பாசுச்சரின் சோதனை, உயிரற்ற பொருளிலிருந்து உயிர் ஒருபோதும் தோன்ற முடியாது என நிறுவிவிட்டதாகச் சிலர் கருதுவதுண்டு. இது சரியன்று. சில நாட்களில், இன்றைய சூழலில், ஊட்ட நீரிலிருந்து முழுமையான நுண்ணுயிர் தோன்றுவதில்லை என்பதையே அச்சோதனை காட்டியது. ஆக்சிஜன் இல்லாத பழம்புவியில், பல கோடி ஆண்டுகளில் என்ன நிகழ்ந்திருக்கலாம் என்பது வேறு கேள்வியாகும். 1871 இல் சார்லசு டார்வின் தம் நண்பர் ஊக்கருக்கு எழுதிய மடலில், அமோனியாவும் பாஸ்பேட்டு உப்புகளும் கலந்த இளஞ்சூடான சிறு குட்டையில் ஒளி, வெப்பம், மின்சாரம் ஆகியவற்றின் துணையால் புரதம் உருவாகியிருக்கலாம் என ஊகித்தார். இன்று அப்படி ஒன்று உருவானால் அதனை ஏற்கெனவே உள்ள உயிர்கள் உடனே உண்டுவிடும் என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார்.

ஓப்பரினும் ஆல்டேனும்

இவ்வூகத்தைக் கருதுகோளாக வளர்த்தவர்கள் இருவர். உருசிய உயிர்வேதியியலாளர் அலெக்சாண்டர் ஓப்பரின் 1924 இலும், பிரித்தானிய உயிரியலாளர் ஆல்டேன் 1929 இலும், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமலேயே, ஒத்த கருத்துகளை வெளியிட்டனர். பழம்புவியின் வளிமண்டலத்தில் தனி ஆக்சிஜன் இல்லை; எனவே ஞாயிற்றின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலமும் இல்லை. அக்கதிர்களின் ஆற்றலால் வளிமங்கள் வினைபுரிந்து கரிமச் சேர்மங்களாகிக் கடலில் சேர்ந்தன. அவற்றை உண்ண உயிர்கள் இல்லாததாலும், அவற்றைச் சிதைக்க ஆக்சிஜன் இல்லாததாலும், கடல் நீர் சூடான, நீர்த்த கரிமக் கரைசலாக மாறியது என ஆல்டேன் கருதினார்.

ஆல்டேன் 1957 இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்ற வந்தார். பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்று, புவனேசுவரத்தில் வாழ்ந்து, அங்கேயே 1964 திசம்பர் 1 அன்று காலமானார். 1963 அக்டோபரில் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த கருத்தரங்கு ஒன்றிலேயே ஆல்டேனும் ஓப்பரினும் முதன்முறையாக நேரில் சந்தித்தனர்.

மில்லரின் சோதனை

1953 இல் சிக்காகோ பல்கலைக்கழக மாணவரான இசுட்டான்லி மில்லர், தம் ஆசிரியர் அரோல்டு யூரேயின் வழிகாட்டலில் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் கலங்களில் மெத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை அடைத்து, மின்னலுக்கு ஒப்பான மின்பொறியைத் தொடர்ந்து செலுத்தினார். ஒரு வாரத்தில் நீர் நிறம் மாறியது. அதில் கிளைசின், அலனைன் முதலிய அமினோ அமிலங்கள் இருந்தன. அமினோ அமிலங்கள் புரதங்களின் கட்டுமான அலகுகளாகும். மில்லர் பாதுகாத்து வைத்திருந்த பழைய குப்பிகளைப் புதிய கருவிகளால் மீண்டும் ஆய்ந்து 2008 இல் வெளியிட்டபோது, எரிமலைச் சூழலை ஒத்த ஒரு சோதனையில் 22 அமினோ அமிலங்கள் உருவாகியிருந்தமை தெரியவந்தது.

மில்லர் பயன்படுத்திய வளிமக் கலவை பழம்புவியின் வளிமண்டலத்தைச் சரியாகக் காட்டுவதன்று எனப் பல புவியியலாளர்கள் பின்னர் கருதினர். அவ்வளிமண்டலத்தில் கரிமவீராக்சைடும் நைட்ரஜனுமே மிகுதியாக இருந்திருக்கலாம். அக்கலவையில் அமினோ அமிலங்கள் மிகக் குறைவாகவே உருவாகின்றன. எனவே செங்கற்கள் வேறு வழிகளிலும் கிடைத்தனவா என்ற கேள்வி எழுந்தது. இங்குதான் பொன்னம்பெருமவின் ஆய்வுகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

சிறில் பொன்னம்பெரும

சிறில் பொன்னம்பெரும 1923 அக்டோபர் 16 அன்று இலங்கையின் காலி நகரில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்று 1948 இல் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனின் பேர்க்பெக் கல்லூரியில் வேதியியல் பயின்றார். அங்கு, உயிரின் தோற்றத்தில் களிமண்ணுக்குப் பங்கு இருந்திருக்கலாம் எனக் கருதிய இயற்பியலாளர் ஜே. டி. பெர்னாலுடன் தொடர்பு ஏற்பட்டது. 1962 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில், நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வினிடம் ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அதன் பின் நாசாவின் ஏம்சு ஆய்வு மையத்தில் சேர்ந்து, வேதிப் படிவளர்ச்சிப் பிரிவின் தலைவரானார். 1971 முதல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1980களில் கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 1994 திசம்பரில் காலமானார்.

அடினீனும் ஏ. டி. பி.யும்

உயிருக்குப் புரதம் மட்டும் போதாது. மரபுச் செய்தியைத் தாங்கும் டி. என். ஏ., ஆர். என். ஏ. ஆகிய நியூக்கிளிக் அமிலங்களும் தேவை. இவற்றின் எழுத்துகளைப் போன்றவை அடினீன் முதலிய காரங்கள். அடினீன் மூலக்கூறு ஐந்து கரிம அணுக்களும், ஐந்து ஹைட்ரஜன் அணுக்களும், ஐந்து நைட்ரஜன் அணுக்களும் கொண்டது. அதாவது ஐந்து ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறுகளின் கூட்டுக்குச் சமமானது. கொடிய நஞ்சான சயனைடிலிருந்து மரபுப் பொருளின் ஒரு பகுதி உருவாவதை ஓவான் ஓரோ 1960 அளவில் காட்டினார். 1963 இல் பொன்னம்பெருமவும் கால்வின் குழுவினரும் மெத்தேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் மீது எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி அடினீனைப் பெற்றனர்.

அதே ஆண்டில் பொன்னம்பெரும, கார்ல் சேகன், உரூத் மாரினர் ஆகிய மூவரும், அடினோசினுடன் ஒரு பாஸ்பேட்டுச் சேர்மத்தைக் கலந்து புற ஊதாக் கதிர்களைச் செலுத்தியபோது ஏ. டி. பி. உருவானதாக அறிவித்தனர். இன்றுள்ள எல்லா உயிரணுக்களிலும் ஆற்றலைக் கைமாற்றும் நாணயம் போல் ஏ. டி. பி. பயன்படுகிறது. எனினும் அவர்கள் பயன்படுத்திய பாஸ்பேட்டுச் சேர்மம் பழம்புவியில் கிடைத்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. ஒரு பொருள் ஆய்வுகூடத்தில் உருவாவது வேறு, இயற்கையில் அவ்வாறே உருவாகியிருக்கக்கூடும் எனக் காட்டுவது வேறு என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

மர்ச்சிசன் விண்கல்

1969 செப்டம்பர் 28 அன்று ஆத்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள மர்ச்சிசன் என்னும் ஊரில் ஒரு விண்கல் துண்டு துண்டாக விழுந்தது. துண்டுகள் விரைவில் சேகரிக்கப்பட்டதால் அவை பெரிதும் மாசடையவில்லை. அதற்கு முன்பும் விண்கற்களில் அமினோ அமிலங்கள் இருப்பதாகச் செய்திகள் வந்திருந்தன. ஆனால் மனித விரல் ரேகையின் வியர்வையிலேயே அமினோ அமிலங்கள் உண்டு என்பதால், அவை கையாண்டவர்களிடமிருந்து வந்தவையாக இருக்கலாம் என ஐயுறப்பட்டது.

கீத் குவென்வோல்டன், பொன்னம்பெரும ஆகியோரைக் கொண்ட ஏம்சு குழு 1970 இல் வெளியிட்ட முடிவு இந்த ஐயத்தைப் போக்கியது. அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை நம் இரு கைகளைப் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்களில் அமையக்கூடியவை. உயிர்களின் புரதங்களில் இடக்கை வடிவமே உள்ளது. மாறாக, உயிரின் தொடர்பின்றி நடக்கும் வேதிவினையில் இரு வடிவங்களும் ஏறத்தாழச் சம அளவில் உருவாகின்றன. மர்ச்சிசன் கல்லில் இரு வடிவங்களும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. மேலும் புவியின் புரதங்களில் இடம்பெறாத அமினோ அமிலங்களும் அதில் இருந்தன. எனவே அவை மனிதக் கையிலிருந்தோ மண்ணிலிருந்தோ வந்திருக்க முடியாது, விண்வெளியில் உருவானவையே.

ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கல்லில், எந்த உயிரின் தொடர்பும் இன்றி, உயிரின் செங்கற்கள் இருந்தன என்பது இதன் பொருள். அத்தகைய கற்கள் பழம்புவியில் பெருமளவில் விழுந்தமையால், வளிமண்டலம் எப்படி இருந்திருந்தாலும் செங்கற்களுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. பிற்கால ஆய்வுகளில், மர்ச்சிசனின் சில அமினோ அமிலங்களில் இடக்கை வடிவம் சிறிதளவு மிகுந்திருப்பது தெரியவந்தது. உயிர் ஏன் இடக்கை வடிவத்தை மட்டும் ஏற்றது என்ற புதிருக்கு அது விடையின் ஒரு பகுதியாகுமா என்பது விவாதத்தில் உள்ளது.

ஜீவாணு

அலகாபாத் பல்கலைக்கழக வேதியியலாளர் கிருஷ்ண பகதூர், 1954 இலேயே ஒளியின் துணையால் பார்மால்டிகைடு வகைச் சேர்மத்திலிருந்து அமினோ அமிலங்களைப் பெற்றதாக ஆய்வுக் குறிப்பு வெளியிட்டவர். 1960களில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் மாலிப்டினம், பாஸ்பேட்டு, பிற தாது உப்புகள், பார்மால்டிகைடு ஆகியவற்றின் கரைசலைக் கதிரவன் ஒளியில் வைத்து, நுண்ணோக்கியில் தெரியும் சிறு உருண்டைகளைப் பெற்றனர். உயிரின் துகள் என்னும் பொருள்பட அவற்றுக்கு ஜீவாணு எனப் பெயரிட்டனர். அவை வளர்கின்றன, மொட்டுவிட்டுப் பெருகுகின்றன, வளர்சிதை மாற்றம் போன்ற செயல்களைக் காட்டுகின்றன என்று கூறினர்.

இக்கூற்றுகளை நாசாவுக்காக மதிப்பிட்டவர்களுள் பொன்னம்பெருமவும் ஒருவர். லிண்டா கேரனும் அவரும் 1967 இல் அளித்த அறிக்கை, ஜீவாணுவின் இயல்பும் பண்புகளும் இன்னும் தெளிவுபடுத்தப்பட வேண்டியவை என்ற முடிவுக்கு வந்தது. உருண்டை வடிவமும் மொட்டுவிடுவதும் மட்டுமே உயிருக்குச் சான்றாகா. கொழுப்பமிலங்களாலும் சில உப்புக் கலவைகளாலும்கூட அத்தகைய உருண்டைகள் உருவாகும். தன் இயல்பைத் தன் வழித்தோன்றலுக்குக் கடத்துவதும், அக்கடத்தலில் நேரும் சிறு மாற்றங்கள் இயற்கைத் தேர்வுக்கு உட்படுவதும் உயிரின் அடிப்படை அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. ஜீவாணுவில் இது காட்டப்படவில்லை. ஆயினும் வேதிப்பொருள், ஒளி, எல்லைச் சுவர் ஆகிய மூன்றையும் ஒரே அமைப்பில் இணைக்க முயன்ற தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாக அது நினைக்கப்படுகின்றது.

இணைப்புச் சிக்கல்

செங்கற்கள் கிடைத்தாலும் அவற்றைக் கோப்பது எளிதன்று. இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீர் நிறைந்திருக்கும்போது இவ்வினை எதிர்த்திசையிலேயே செல்ல முற்படும். இணைந்தவை மீண்டும் பிரியும். மேலும் பரந்த கடலில் கரைந்த சேர்மங்கள் ஒன்றையொன்று சந்திப்பதே அரிது. உயிருக்கு நீர் இன்றியமையாதது; ஆனால் உயிரின் சங்கிலிகளை அறுப்பதும் அதே நீர்தான்.

இதற்கு முன்வைக்கப்படும் தீர்வுகளுள் ஒன்று, நனைதலும் உலர்தலும் மாறி மாறி நிகழும் குட்டைகள். புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் உப்பளங்களைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாத்திகளில் கட்டப்பட்ட உவர்நீர் வெயிலில் வற்ற வற்ற அடர்த்தி மிகுகின்றது. எளிதில் கரையாத உப்புகள் முதலில் படிகின்றன. பின்னர் சமையல் உப்பு படிகின்றது. மெக்னீசியம் உப்புகள் எஞ்சிய நீரில் இறுதிவரை தங்குகின்றன. இவ்வாறு வெயில் ஒன்றே பொருள்களைச் செறிவாக்கவும் பிரிக்கவும் செய்கின்றது. பழம்புவியின் குட்டைகளிலும் நீர் வற்றியபோது கரிமச் சேர்மங்கள் செறிந்து, நீரை இழந்து, சங்கிலிகளாக இணைந்திருக்கலாம். மழையோ ஊற்றோ மீண்டும் நனைத்தபோது புதிய கலவைகள் உருவாகியிருக்கலாம். கொழுப்புப் படலங்களுக்கிடையே நியூக்கிளியோட்டைடுகளை நனைத்தும் உலர்த்தியும் ஆர். என். ஏ. போன்ற சங்கிலிகளைப் பெற்ற ஆய்வு 2008 இல் வெளியானது. இதன் முதன்மை ஆசிரியர் சுதா ராஜாமணி பின்னர் புனேயிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறை ஆய்வுகளைத் தொடர்ந்தார்.

மற்றொரு கருதுகோள் ஆழ்கடலைச் சுட்டுகின்றது. 2000 ஆம் ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலில் கண்டறியப்பட்ட காரத்தன்மையுள்ள வெந்நீர் ஊற்றுகளின் பாறைகளில் நுண்ணிய துளைகள் உள்ளன. ஊற்று நீருக்கும் கடல் நீருக்கும் இடையிலுள்ள வேதி வேறுபாடு, உயிரணுச் சவ்வின் இருபுறமும் காணப்படும் வேறுபாட்டை ஒத்திருக்கின்றது. அங்கு ஆற்றல் இடைவிடாது கிடைக்கும் என்பது இக்கருதுகோளின் வலிமை. உலர்தல் இல்லை என்பது அதன் இடர்ப்பாடு. குட்டையா, ஆழ்கடலா என்பதில் அறிவியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

ஆர். என். ஏ. உலகம்

இன்றைய உயிரணுவில் டி. என். ஏ.யைப் படியெடுக்கப் புரத நொதிகள் தேவை. அப்புரதங்களை உருவாக்க டி. என். ஏ.யிலுள்ள செய்தி தேவை. எது முதலில் வந்தது என்பது கோழியா முட்டையா என்பதைப் போன்ற சிக்கல். 1980களின் தொடக்கத்தில் தாமசு செக், சிட்னி ஆல்ட்மன் ஆகியோர் சில ஆர். என். ஏ. மூலக்கூறுகளும் நொதிகளைப் போலச் செயற்படுவதைக் கண்டறிந்து, 1989 இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். செய்தியைத் தாங்குவதும் வினையை ஊக்குவதும் ஒரே மூலக்கூறால் இயலுமாயின், முதலில் ஆர். என். ஏ.யை மட்டும் நம்பிய உயிர் இருந்திருக்கலாம். வால்ட்டர் கில்பர்ட் 1986 இல் இதற்கு ஆர். என். ஏ. உலகம் எனப் பெயரிட்டார்.

இதற்கு வலுவான சான்று ரைபோசோமிலிருந்து கிடைத்தது. ரைபோசோம் என்பது எல்லா உயிரணுக்களிலும் புரதங்களைக் கட்டும் நுண்பொறி. 2000 ஆம் ஆண்டில் தாமசு இசுட்டைட்சு குழுவினர் அதன் பெரிய பகுதியின் அமைப்பை வெளியிட்டபோது, அமினோ அமிலங்கள் இணைக்கப்படும் மையம் முழுவதும் ஆர். என். ஏ.யால் ஆனதாகக் காணப்பட்டது. அதே ஆண்டில் சிறிய பகுதியின் அமைப்பை வெளியிட்டவர்களுள் ஒருவர், 1952 இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். இவ்விருவரும் அடா யோனத்தும் 2009 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். புரதங்களைக் கட்டும் பொறியின் உள்மையமே ஆர். என். ஏ. என்பதால், புரதங்களுக்கு முன்பே ஆர். என். ஏ. இருந்தது எனக் கருத இடமுண்டு.

கால அளவு

புவியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆத்திரேலியாவில் 348 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நுண்ணுயிர்ப் படிவங்கள் உள்ளன. இன்றைய உயிர்கள் அனைத்துக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 420 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்கலாம் என 2024 இல் வெளியான மரபணு ஒப்பீட்டு ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது.

இக்காலத் தொலைவை உணரப் புதுச்சேரியை அடுத்த இரு இடங்கள் உதவும். திருவக்கரையின் கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. செஞ்சி மலைகளின் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. அப்பாறைகள் உருவானபோதே புவியில் உயிர் தோன்றிப் பல கோடி ஆண்டுகள் கடந்திருந்தன. உயிரின் தொடக்கத்தைக் காட்டும் பாறைகள் பெரும்பாலும் அழிந்து உருமாறிவிட்டன. இதனாலேயே இத்துறை பாறைச் சான்றுகளைக் காட்டிலும் சோதனைகளையும் விண்கற்களையும் மிகுதியாகச் சார்ந்துள்ளது.

தற்போதைய நிலை

பொன்னம்பெரும ஆய்ந்த கல் தானாக வந்து விழுந்தது. இப்போது விண்கலங்களே சென்று மாதிரிகளை எடுத்து வருகின்றன. சப்பானின் அயபுசா 2 விண்கலம் 2020 இல் கொண்டுவந்த இரியூகு சிறுகோளின் மாதிரியில் ஆர். என். ஏ.யின் காரங்களுள் ஒன்றான யுராசில் இருப்பது 2023 இல் அறிவிக்கப்பட்டது. நாசா 2023 இல் பெற்ற பென்னு சிறுகோளின் மாதிரியில், புரதங்களில் பயன்படும் 20 அமினோ அமிலங்களுள் 14, நியூக்கிளிக் அமிலங்களின் ஐந்து காரங்கள், உவர்நீர் வற்றியதால் படிந்த உப்புகள் ஆகியவை இருப்பது 2025 சனவரியில் வெளியான ஆய்வுகளில் தெரிவிக்கப்பட்டது. உப்பளத்தில் நிகழ்வது போன்ற செறிவாதல் ஞாயிற்றுக் குடும்பத்தின் தொடக்கத்திலேயே வேறோர் இடத்தில் நிகழ்ந்துள்ளது. எனினும் பென்னுவில் உயிர் தோன்றியதற்கான சான்று இல்லை. செங்கற்களும் உவர்நீரும் இருந்தும் அங்கு வீடு எழவில்லை.

ஆய்வுகூடங்களில் இப்போது ஆர். என். ஏ.யைப் படியெடுக்கும் ஆர். என். ஏ. நொதிகள் உருவாக்கப்பட்டுள்ளன, கொழுப்பமிலக் குமிழிகள் வளர்ந்து பிரிவதும் காட்டப்பட்டுள்ளது. இவை யாவும் வேதியியலாளர்கள் தேர்ந்தெடுத்து, தூய்மைப்படுத்தி, உரிய நேரத்தில் சேர்த்த பொருள்களால் நிகழ்பவை. அக்கையின் துணையின்றி, கலப்படமான இயற்கைச் சூழலில், ஆற்றல் பெறுதல், எல்லை அமைத்தல், தன்னைப் படியெடுத்தல் ஆகிய மூன்றும் எவ்வாறு ஒருங்கே அமைந்தன என்பதே இத்துறையின் முதன்மைக் கேள்வியாக உள்ளது.